மாருக்குக் கட்டும் பூ

இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, நாரை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டைவிரலால் அமுக்கி ஒரு இழுப்பு. கை அதுபாட்டுக்குக் கட்டிக்கொண்டு போனது. சீலி கையைப் பார்க்கவில்லை. பார்த்தால்தான் பிசகும், கையை நம்பி விட்டுவிட்டால் பூ தானாக வந்து நாரில் உட்காரும். மடியில் சுளகு, சுளகில் மல்லிகை, காலடியில் கிண்ணித் தண்ணீரில் ஊறுகிற வாழைநார், பக்கத்து மணலில் காலைப் பரப்பி உட்கார்ந்து உதிர்ந்த பூவை ஒவ்வொன்றாகக் கிண்ணிக்குள் போட்டுக்கொண்டிருக்கிற மகள் ஜோவிதா. மணி பதினொன்று இருக்கும், கொல்லைத் தென்னையின் நிழல் சுருங்கி நாத்துப் பாத்திக்கு வந்துவிட்டது. தலைக்கு வைக்கிற பூவென்றால் மொட்டாக வேண்டும், வெயில் ஏறுமுன்னே பறித்த மொட்டு, அதை இடம் விட்டுவிட்டுக் கட்டினால்தான் சாயங்காலம் விரிகிறபோது ஒன்றையொன்று நெரிக்காது. மாருக்குக் கட்டுகிற பூ அப்படி இல்லை. நேற்றே செடியில் விரிந்து, இனி யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள் என்று ஆன பூ, அதை நெருக்கி, இண்டு இடுக்கு இல்லாமல், கயிறு மாதிரி கட்ட வேண்டும், அதுதான் உடம்புச் சூட்டில் சட்டென்று வாடி ஈரம் விட்டு மேலோடு ஒட்டும். இன்றைக்குக் கட்டுகிற பூ அவள் மாருக்கேதான். நேற்று மீன் கழுவிக்கொண்டிருந்தபோது மாமியார் தலையைத் தூக்காமலே சொன்னாள், “சோவிக்கு ரெண்டு வயசு ஆகப்போவுது, இன்னும் என்னத்துக்குப் பாலு, நாளைக்கே பூக் கட்டி மறக்கடிச்சிரு.” சரி மாமி என்றாள் சீலி. எதைச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது சரி மாமிதான், மற்றது எல்லாம் பிறகு, தனியாக இருக்கும்போது, இப்படிப் பூக் கட்டும்போதுதான் வரும். சரி, கட்டுகிறேன். நாலு முழம் வேண்டும், பக்கத்துக்கு ரெண்டு. ஒரு முழம் ஆகிவிட்டது. ஜோவிதா நிமிர்ந்து அவள் மாரைப் பார்த்து, “ம்மா, ஞ்ஞா,” என்றது, அதற்குப் பால் என்ற சொல் வராது, ஞ்ஞாதான். “ஞ்ஞாக்குப் பூ வைக்கப் போறேன்டி,” என்றாள். அது சிரித்தது, பூ என்றால் நல்லதுதானே என்று.

பூ நல்லதுதான். பூவில் அவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஏழாம் வகுப்போடு நின்றவள், வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய் நிற்கிறவள், கல்யாணமான புதிதில் புருஷன் டெனிசனிடமே ஒரு மாசம் கதவைப் பார்த்துப் பேசினவள், ஆனால் இந்தக் கொல்லைக்குள் வந்தால் அவள் வேறே ஆள். தங்கச்சிமடத்து மணலில் மல்லிகைக் குச்சி ஊன்றி வேர்விட வைத்து எங்கெங்கேயோ லாரியில் அனுப்புகிற நாத்து, அதில் அவள் ஊன்றினது நூற்றுக்குத் தொண்ணூறு பிடிக்கும், மாமி ஊன்றினது அறுபதுதான், அதை மாமியே ஒத்துக்கொள்வாள், “அவ கை ஈரக் கை” என்று. இலை வாங்க ஆள் வரும், வாய்ப்புண்ணுக்கு. பக்கத்து வீட்டு ராக்கினி அக்கா வாரம் ஒருதரம் வந்துவிடுவாள், “ஏய் சீலி, அந்த மனுசனுக்கு வாயெல்லாம் வெந்துபோச்சுடி, கொழுந்து இலையாக் குடு. ரொம்பக் குடுக்காத, முழுசா ஆறிட்டா மறுபடி என்னைய வைய ஆரம்பிச்சிருவாரு,” என்பாள். சீலி சிரிப்பை முந்தானையில் மூடிக்கொண்டு, கொழுந்து வேண்டாம், முத்தினதுமில்லை கொழுந்துமில்லை, நடு இலைதான் வேலை செய்யும் என்று மனசுக்குள் சொல்லி, அதைத்தான் கிள்ளிக் கொடுப்பாள். வாயால் சொல்லமாட்டாள். கொடுத்தால் போதும், ஆறினால் போதும், சொல்லி என்ன ஆகிறது. சொல்லாமலே எல்லாம் நடந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். நார் அறுந்தது. அறுந்த இடத்தில் இன்னொரு நாரை வைத்து முறுக்கினாள். சொல்லாமல் இருந்ததால்தானே. உள் அறையில் டெனிசனின் தங்கை ஜெனிட்டா படுத்திருக்கிறாள், பக்கத்தில் அவள் பெற்ற ஒன்பது நாள் பெண், சத்தமில்லை, தூங்குகிறது போல. தூங்கட்டும். மூன்றாம் நாள் ஜெனிட்டாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. ரெண்டு பக்கமும் கல்லு, தொட்டால் கத்தினாள், காய்ச்சல், புள்ளையைக் கிட்டே கொண்டுபோனாலே “வேணாம்மா, வேணாம்மா” என்று முகத்தைத் திருப்பினாள். மாமி கொல்லைக்கு ஓடி வந்தாள். “சீலி, பூக் கட்டித் தாடி, வீக்கம் வத்தட்டும்.” கட்டினாள். மாமி வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா நெருக்கிக் கட்டுடி, பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ள சடைக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்க,” என்று திருப்பித் தந்தாள். நெருக்கிக் கட்டினாள். சாயங்காலமே வலி குறைந்தது, ஜெனிட்டா ஒரு டம்ளர் காப்பி கேட்டுக் குடித்தாள், மாமி மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். அப்போதே அவிழ்த்திருக்க வேண்டும். அப்போதே அவிழ்த்துவிட்டுப் புள்ளையைப் போட்டிருந்தால் அந்த இளகின மாரில் பால் சும்மா ஓடியிருக்கும். மறுநாள் காலையில் மாமி மறுபடியும் வந்தாள், “இன்னும் ஒரு நாலு முழம் கட்டு, அடி வரைக்கும் வத்தட்டும்.” அதற்கு மறுநாளும். கட்டினாள். மூன்று தரமும் இந்தக் கைதான் கட்டியது, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு.

மாமிமேல் தப்பு இல்லை. அஞ்சு பெற்றவள், அஞ்சுக்கும் வேப்பெண்ணெய் தடவித்தான் மறக்கடித்தாள், பூக் கட்டினால் வீக்கம் வற்றும் என்பது அவளுக்குக் கேள்வி ஞானம். எவ்வளவு நேரம் என்பது மாரில் கட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் இதற்கு முன்னே கட்டிக்கொண்டவள் சீலி ஒருத்திதான். ஒரு பகல் கட்டினால் வீக்கம் வற்றும், ரெண்டு ராத்திரி கட்டினால் பால் வற்றும். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, எவரும் உட்காரவைத்துச் சொன்னதும் இல்லை. மிக்கேலுக்கு அப்புறம் தெரிந்தது. மிக்கேல் அவளுடைய முதல் புள்ளை, நாலு நாள். பிறந்தபோதே நீலமாக இருந்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், கன்னியாஸ்திரி ஒருத்தர் வந்து கையைக் கண்ணாடிக்குள் விட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு மிக்கேல் என்று பேர் வைத்துவிட்டுப் போனார். பேர் வைத்த மறுநாள் அவன் போய்விட்டான், பால் போகவில்லை. அஞ்சாம் நாள் காலையில் கட்டிலே நனைந்து கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, பேர்கூடக் கேட்டுவைக்கவில்லை, தன் தலையில் இருந்த பூவை அவிழ்த்து, “கட்டிக்கம்மா, இல்லன்னா ஒனக்கும் காய்ச்சல் கண்டுரும்,” என்று மாரில் வைத்து துண்டால் சுற்றிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் கல் இளகியது. பாலும் அதோடு போய்விடும் என்று அவள் நினைக்கவில்லை, பூவை அவிழ்க்கவும் மனசில்லை, வேறு எதைக் கட்டிக்கொள்வது. மறுநாள் மத்தியானம் அமுக்கிப் பார்த்தபோது ஒரு சொட்டு. அதற்கு மறுநாள் விடியும்போது ஒன்றும் இல்லை. துண்டுக்குள் பூ மட்டும் பழுப்பாக, நனைத்த கடுதாசி மாதிரி. அந்த வாசனை இன்னும் தெரியும், பூ வாசனையும் பால் வாசனையும் சேர்ந்து புளித்த ஒரு வாசனை, கோயிலில் கல்யாணத்தன்றைக்கு யாராவது வாடின பூவோடு முன்னால் உட்கார்ந்தால் எழுந்து வெளியே வந்துவிடுவாள். இதையெல்லாம் ஒரு பிள்ளைபெற்ற அறையில் நின்று எப்படிச் சொல்வது. மாமி, ஒரு பகல்தான் கட்டணும். ஒனக்கு எப்பிடித் தெரியும்? மிக்கேலு செத்தப்ப. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது, மூன்று சொல்கூட இல்லை. புதிதாய்ப் பிறந்த புள்ளை படுத்திருக்கிற இடத்தில் செத்த புள்ளை பேரைச் சொல்வார்களா. இந்த வீட்டில் மூன்று வருஷமாக அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை, டெனிசன்கூட, நவம்பர் மாசம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி வாங்கும்போது எண்ணி ஒன்று கூடுதலாக வாங்குவான், எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள், அவனும் சொல்லமாட்டான். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு பூவைக் கட்டிக் கொடுத்தாள். நல்ல வேலை செய்தாயடி சீலி. ரெண்டாவது முழம்.

திங்கட்கிழமை கிராம நர்சம்மா வந்து புள்ளையைத் துணியில் தொங்கவிட்டு எடை பார்த்தது. பிறந்தபோது ரெண்டு எழுநூறு, இப்போது ரெண்டு நானூறு. “என்ன பண்றீங்க எல்லாரும், மாருலயே போடுங்க, நாளன்னைக்கு வருவேன், இன்னும் எறங்கியிருந்தா ராமநாதபுரம் கொண்டுபோய் அட்மிட்தான்.” நாளன்றைக்கு என்றால் புதன்கிழமை, இன்றைக்கு. சாயங்காலம் வரும். ஜெனிட்டா மாரில் போட்டுப் பார்க்கிறாள், புள்ளை நாலு தரம் சப்பிவிட்டு ஒன்றும் வராமல் கோபத்தில் சிவந்து கத்துகிறது, அவள் அழுகிறாள், மாமி டப்பாப் பாலைக் கரைத்துப் பாலாடையில் ஊற்றி வாயில் புகட்டுகிறாள், அது முக்கால்வாசியைக் கக்கிவிடுகிறது. நேற்று ராக்கினி அக்கா இலைக்கு வந்தவள் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மறைத்துப் பேசத் தெரியாதே அவளுக்கு, “ஏன் மதினி, வீட்டுக்குள்ளயே ஊத்து இருக்கையில டப்பாவைத் தூக்கிக்கிட்டு அலையுறீக? ஒங்க மருமகட்டக் குடுங்க, ரெண்டு நாள்ல புள்ள பந்தாட்டம் ஆயிரும்,” என்றாள். அடுப்படியில் நின்ற சீலிக்குக் காது சுட்டது. மாமி உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு நேரம். பிறகு, “அவ புள்ளைக்கே அவளுக்குப் பத்தல,” என்றாள். பத்தவில்லையா. ஜோவிதா மூன்று வேளையும் சோறும் மீனும் தின்கிறது, முள் எடுத்துக் கொடுத்தால் கை நிறைய வாங்கித் தின்கிறது, பால் அதற்கு இப்போது தூங்குவதற்கு ஒரு விளையாட்டு, அது மாமிக்குத் தெரியாததா. அப்புறம்தான் மீன் கழுவும்போது, தலையைத் தூக்காமல், பூக் கட்டி மறக்கடிச்சிரு. அந்த ஒரு மூச்சு நேரத்தில் மாமி எதை நினைத்திருப்பாள். அதைத்தான் நினைத்திருப்பாள். முதல் புள்ளையைத் தின்ன பால். ராசியில்லாத பால். யாரும் அப்படிச் சொன்னதில்லை, சொல்லவேண்டுமா என்ன, ஜெனிட்டா வளைகாப்புக்கு மாமியோட அக்காள் சீலி கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை மெதுவாக வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாள், சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். பால் இருந்தால் யாராவது குடு என்பார்கள், பால் இல்லையென்றால் பேச்சே இல்லை, அதனால் மறக்கடிச்சிரு. அப்படித்தானா? இல்லை, அப்படி இருக்காது, மாமி போன மாசமே சொன்னாள், எலும்பும் தோலுமா ஆயிட்ட, சோவிய நிப்பாட்டு என்று. சொன்னாள்தான். மீன் வாங்கினால் நடுத்துண்டு ரெண்டை இவள் தட்டில் போடுகிறவள் மாமிதான். ஆனால் அந்த ஒரு மூச்சு. ஒரு பூவை ரெண்டு தரம் சுற்றிவிட்டாள், அவிழ்த்தாள். மிக்கேல் அவள் பாலை ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கண்ணாடிக்குள் குழாய் வழியாகத்தான் எல்லாம் போனது. அவனுக்குக் கொடுக்காத பாலின்மேல் என்ன பழி. குடித்தது இதோ, மணலில் உட்கார்ந்திருக்கிறது, தொடையில் மூன்று மடிப்பு, பல் பதினாறு, நேற்றுத் தன் அப்பாவின் செருப்பைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்துவிட்டுக் கை தட்டியது. ராசி வேண்டுமென்றால் இதைப் பார்த்துக்கொள்ளட்டும். சீலி குனிந்து அந்தத் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஜோவிதா திருப்பி அவள் முழங்காலில் தட்டியது, நன்றாகவே வலித்தது.

உள்ளே சிணுங்கல் கேட்டது. அழுகை இல்லை, அழுகைக்கு முந்தின சத்தம், பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்ன இழுப்பு. அதற்குள் அவள் மார் ரெண்டிலும் ஊசி குத்துகிற மாதிரி சுரீர் என்று இறங்கியது, நைட்டிக்குமேல் போட்டிருந்த துண்டு நனைந்தது. முழங்கையால் அழுத்திக்கொண்டாள். ஒன்பது நாளாக இப்படித்தான், யார் புள்ளை என்று உடம்பு கேட்பதில்லை, சின்னக் குரல் கேட்டால் போதும், இறங்கிவிடுகிறது, அவள் கூச்சப்பட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்து துண்டை மாற்றிக்கொள்கிறாள், ஏதோ திருடினவள் மாதிரி. இன்றைக்குக் கூச்சம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கையில் இருந்த சரத்தைப் பார்த்தாள், ரெண்டரை முழம், நெருக்கமாக, ஒரு பூ முன்பின் இல்லாமல். அழகாகத்தான் கட்டியிருக்கிறது. இதைக் கட்டிக்கொண்டால் வெள்ளிக்கிழமை விடியும்போது ஒன்றும் இருக்காது. பூ தன் வேலையைச் செய்யும், அதற்கு யார் மார் என்று தெரியாது, வேண்டியதா வேண்டாததா என்று தெரியாது. தெரிந்தவள்தான் சொல்ல வேண்டும். போன பங்குனியில் பாத்தி மூலையில் நாற்பது நாத்து காய்ந்துபோச்சு என்று மாமி பிடுங்கி வேலியோரம் எறிந்தாள், சீலி ஒன்றை எடுத்து நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்த்தாள், உள்ளே பச்சை. அத்தனையையும் திரும்ப ஊன்றினாள், ஒரேயடியாகத் தண்ணீர் காட்டவில்லை, காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை, தினம் தவறாமல். இருபத்தேழு துளிர்த்தது. ஜெனிட்டாவுக்கும் உள்ளே பச்சை இருக்கும். பூ அவிழ்த்து மூன்று நாள்தானே ஆகிறது. நேற்று அவள் அழுதபோது சட்டையில் காசு அகலத்துக்கு ஒரு ஈரம் இருந்தது, யாரும் பார்க்கவில்லை, சீலி பார்த்தாள். புள்ளை பசியோடு சப்பினால் கோபப்படும், இழுக்காது. முதலில் என்னிடம் அரை வயிறு குடிக்கட்டும், பசி ஆறினதும் அவளிடம் போடுவோம், அப்போது பொறுமையாகச் சப்பும், சப்பச் சப்பச் சுரக்கும், காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. டெனிசன் நாளைக்குக் கரைக்கு வருவான், பால்சுறா கிடைத்தால் விற்காமல் கொண்டுவரச் சொல்ல வேண்டும், பூண்டு நிறையப் போட்டுப் புட்டு அவித்து ஜெனிட்டாவுக்குக் கொடுக்க வேண்டும், பால் ஊறும். எட்டு நாள், கூடப்போனால் பத்து நாள், அப்புறம் அவள் புள்ளை அவளிடமே குடிக்கும், இவள் பூக் கட்டிக்கொள்ளலாம், அவசரம் என்ன, பூ எங்கே போகப்போகிறது, செடி நிறையக் கிடக்கிறது. சாயங்காலம் நர்சம்மா தராசோடு வருமுன்னே மூன்று தரம் கொடுத்துவிடலாம். இதெல்லாம் சரி. சொல்ல வேண்டுமே. செய்வது கஷ்டமில்லை, கையும் மாரும் செய்துவிடும், வாய்தான். சொல்லிப் பார்த்தாள், உதடு மட்டும் அசைய. மாமி, சோவிக்கு இப்ப நிப்பாட்ட வேணாம். வேண்டாம், அப்படி ஆரம்பித்தால் எதிர்த்துப் பேசுகிற மாதிரி. மாமி, ராக்கினி அக்கா சொன்னாகளே. அதுவும் வேண்டாம், ராக்கினி அக்காவை ஏன் இழுக்க வேண்டும், சொல்கிறது நான்தானே. நேராகவே சொல்வோம். மாமி, அன்னைக்குப் பூவை ஒரு பகலோட அவுத்திருக்கணும், எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயத் தெறக்கல, அது எந் தப்பு, எப்பிடித் தெரியும்னு கேட்டீகன்னா, மிக்கேலு போனப்ப நான் கட்டியிருந்தேன். சொல்லிவிட்டாள். உதட்டுக்குள்தான், ஆனாலும் அந்தப் பேர் கொல்லை வெயிலில் கேட்ட மாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. தென்னை அப்படியே நின்றது, ஜோவிதா கிண்ணித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். மிக்கேலு. நல்ல பேராகத்தான் வைத்திருக்கிறார்கள். மாமி கோபப்பட்டால் படட்டும், பாலைக் குடுக்க வேணாம்னா நீங்களே சொல்லுங்க, ஒங்க பேத்தி எடையைப் பாத்துட்டுச் சொல்லுங்க, எம் புள்ள சோவியப் பாத்துட்டுச் சொல்லுங்க, இந்தப் பாலுல என்ன கொற இருக்குன்னு எனக்கு—

“மதினீ!” ஜெனிட்டாவின் குரல், அதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி புள்ளையின் அலறல், அதற்கு மேலே மாமி, “சீலி, ஏய் சீலி, பாலாடையக் கழுவி எடுத்துக்கிட்டு வாடி, வென்னித் தண்ணி காஞ்சிருச்சா பாரு!” சீலி எழுந்தாள், சுளகு சரிந்து பூ மணலில் கொட்டியது, ரெண்டரை முழச் சரத்தை ஜோவிதாவின் கழுத்தில் போட்டு அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பாலாடை அடுப்பு மேடையில் கவிழ்த்தபடியே இருந்தது, அதைத் தாண்டிப் போய் அறை நிலையில் தலையைக் குனிந்து, தோளில் இருந்த நனைந்த துண்டை எடுத்து, நைட்டியின் ஜிப்பில் கை வைத்தபடி, “மாமி, பாலாடை வேணாம், புள்ளைய இங்கிட்டுத் தாங்க, மிக்கேலு போனப்ப நான் பூக் கட்டியிருந்தேன்,” என்றாள்.